தெளிநீர் ஆழத்தில் மஸ்கி

வட அமெரிக்காவின் ஆழமான, தெளிந்த ஏரிகளில் வாழும் பெரிய மஸ்கி மீன்கள், கோடையின் பெரும்பகுதியைக் கரையோரச் செடிப் புதர்களிலோ ஏரியின் அடித்தரையிலோ கழிப்பதில்லை. 30 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள நீரின் நடுவே, மேற்பரப்பிலிருந்து 5 முதல் 12 மீட்டர் வரை கீழே, ஒதுங்க ஒரு பாறையோ ஒளிந்துகொள்ள ஒரு செடியோ இல்லாத திறந்த வெளியில் அவை மிதந்து திரிகின்றன. பதுங்கிப் பாய்வதற்கென்றே உடலமைப்புப் பெற்ற ஒரு வேட்டை மீன் பதுங்க இடமில்லாத வெளியை ஏன் தேர்ந்தெடுக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடும்போது, நீரின் வெப்பநிலை, அதில் கரைந்துள்ள ஆக்சிஜன், ஊடுருவும் ஒளி, ஏரியைச் சூழ்ந்த காடு ஆகிய எல்லாமே அந்த ஒரே மீனின் வாழ்வில் பிணைந்திருப்பது தெரியவரும்.

எசாக்ஸ் மாஸ்கினாஞ்ஜி என்பது இம்மீனின் அறிவியல் பெயர். எசாக்ஸ் பேரினத்தைச் சேர்ந்த மீன்களுள் மிகப் பெரியதான இது, வட அரைக்கோளமெங்கும் பரவியுள்ள பைக் மீனுக்கு நெருங்கிய உறவாக இருந்தாலும், வட அமெரிக்காவின் பேரேரிகள், செயின்ட் லாரன்ஸ் ஆறு, மிசிசிப்பியின் மேற்பகுதி, ஒஹையோ ஆறு ஆகியவற்றின் வடிநிலங்கள் உள்ளிட்ட சில பகுதிகளை மட்டுமே இயற்கைத் தாயகமாகக் கொண்டது. இரண்டையும் பிரித்தறியக் கீழ்த்தாடையைத் திருப்பிப் பார்ப்பது நம்பகமான வழி: தாடையின் அடிப்புறத்தில் ஊசியால் குத்தியதுபோன்ற நுண்துளைகள் வரிசையாக இருக்கும்; பைக்கில் அவை ஒரு பக்கத்துக்கு 5 அல்லது அதற்கும் குறைவு, மஸ்கியிலோ பெரும்பாலும் 6 முதல் 9 வரை. அந்தத் துளைகள் வெறும் அடையாளக் குறிகளாக நின்றுவிடுவதில்லை. நீரின் மெல்லிய அசைவை உணரும் புலனமைப்பின் வாயில்களான அவற்றின் பயன் பின்னர் விளக்கப்படும். முதுகுத் துடுப்பும் மலப்புழைத் துடுப்பும் உடலின் பின்கோடியில், வாலையொட்டி அமைந்திருப்பதால், நின்ற நிலையிலிருந்து ஒரே உந்தலில் முன்பாயும் ஆற்றல் இம்மீனுக்கு வாய்த்திருக்கிறது; நெடுந்தூரம் துரத்திப் பிடிப்பதற்கான உடல் இதற்கு இல்லை.

மஸ்கி பிடிக்கும் மரபு வேரூன்றி வளர்ந்த இடங்களுள் முதன்மையானது விஸ்கான்சின் மாநிலம். 1955 முதல் மஸ்கி அம்மாநிலத்தின் அதிகாரப்பூர்வ மீனாக இருந்துவருகிறது. அங்குள்ள பல ஏரிகளும் நீர்த்தேக்கங்களும் ஆழம் குறைந்தவை. சதுப்பு நிலங்களிலிருந்து வடிந்து வரும் தாவரச் சாயங்களால் பழுப்பேறியவை. அத்தகைய நீரில் ஒளி சில மீட்டர்களுக்குள் அடங்கிவிடுவதால் செடிகளும் சிறுமீன்களும் கரையோரத்தில் குவிகின்றன. மஸ்கியும் அங்கேயே காத்திருக்கிறது. இதனால் செடிப் படுகையின் விளிம்பை நோக்கித் தூண்டில் வீசுவதே மஸ்கி பிடிப்பதற்கு உரிய முறை என்ற எண்ணம் தலைமுறைகளாக நிலைத்துவிட்டது. ஆனால் அதே விஸ்கான்சினில், ஹேவர்டு நகருக்கு அருகில் 1949-இல் பிடிபட்டதாகப் பதிவாகி, ஐயங்கள் எழுப்பப்பட்டபோதிலும் சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் உலகச் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றுள்ள 67 பவுண்டு 8 அவுன்ஸ், அதாவது 30 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட மீன், லாக் கூர்ட் ஒரேய் என்ற ஏரியிலிருந்து வந்தது. அது சுற்றுப்புறப் பழுப்பு நீர்நிலைகளிலிருந்து வேறுபட்ட, ஆழமும் தெளிவும் கொண்ட ஏரி. ஒண்டாரியோவின் ஜார்ஜியன் விரிகுடாவும், மிச்சிகனின் வடமேற்கிலுள்ள டார்ச், எல்க், பெலேர் ஏரிகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கையில் இத்தகைய நீர்நிலைகள் முன்னணியில் நிற்பதில்லை. மீனின் பருமனில்தான் அவற்றின் பெயர் நிலைக்கிறது.

இந்த வேறுபாட்டின் வேர் நீரின் இயற்பியலில் இருக்கிறது. நன்னீர் ஏறத்தாழ 4 பாகை செல்சியஸில் மிகுந்த அடர்த்தி கொள்கிறது. அதைவிடச் சூடேறிய நீர் இலேசாகி மேலே நிற்கிறது. வசந்தம் முடிந்து வெயில் வலுக்கும்போது, காற்றால் கலக்கப்படும் வெதுவெதுப்பான மேலடுக்கு ஒன்றும், வெயிலும் காற்றும் எட்டாத குளிர்ந்த அடியடுக்கு ஒன்றுமாக ஏரி பிரிகிறது. இரண்டுக்கும் இடையில், ஒவ்வொரு மீட்டர் இறங்கும்போதும் வெப்பநிலை சட்டென்று குறைந்துகொண்டே போகும் மெல்லிய நடுவடுக்கு உருவாகிறது. இந்த நடுவடுக்கையே வெப்பச்சரிவு அடுக்கு என்பர். கலங்கிய ஏரியில் சூரிய வெப்பம் மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால் இவ்வடுக்கு மேலேயே அமைந்துவிடுகிறது. தெளிந்த ஏரியில் ஒளி ஆழ இறங்குவதால் வெப்பச்சரிவும் ஆழத்தில் அமைகிறது. நீரின் தெளிவை அளக்க இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி 1865-இல் மத்தியதரைக் கடலில் சோதித்துப் பார்த்த வெண்ணிற வட்டத்தட்டு இன்றும் ஏரி ஆய்வாளர்களின் கையில் இருக்கிறது: கயிற்றில் கட்டி இறக்கப்படும் தட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே அந்நீரின் தெளிவளவு.

தெளிவுக்கு மற்றொரு விளைவும் உண்டு. மஸ்கியைப் பொறுத்தவரை அதுவே முதன்மையானது. ஊட்டச்சத்துகள் குறைவாக இருப்பதால்தான் இவ்வேரிகள் தெளிவாக இருக்கின்றன. மிதக்கும் பாசி அங்கே சொற்பமாகவே வளர்கிறது. வளமான ஏரியில் பாசி மிகுந்து மடிந்து அடியில் வீழ்ந்து அழுகும்போது, கோடை முழுவதும் காற்றோடு தொடர்பற்றுக் கிடக்கும் அடியடுக்கின் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. தெளிந்த ஆழமான ஏரியில் அழுகுவதற்கு அதிகம் இல்லை. அடியடுக்கின் கொள்ளளவும் பெரிது. ஆகையால் குளிர்ச்சியும் ஆக்சிஜனும் ஒருசேரக் கிடைக்கும் நீர் அங்கே கோடையிலும் எஞ்சி நிற்கிறது.

அந்த நீரில்தான் சிஸ்கோ வாழ்கிறது. சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த, வெள்ளிநிற ஒல்லியான உடலும் மிகுந்த கொழுப்பும் கொண்ட இம்மீன் நீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குயிரிகளைத் தின்று பெருங்கூட்டங்களாகத் திரிகிறது. வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகையைத் தாண்டும் நீரை அது தவிர்க்கிறது. ஆகவே கோடையில் வெப்பச்சரிவு அடுக்கிலும் அதற்குக் கீழும் தங்கி, அந்தி சாயும்போது அந்த நுண்ணிய விலங்குயிரிகளைத் தொடர்ந்து மேலேறி, விடியலில் மீண்டும் இறங்குகிறது. மஸ்கிக்கோ 20 முதல் 25 பாகை வரையிலான நீர் உகந்தது. செரிமானமும் வளர்ச்சியும் அங்கேதான் விரைவாக நடைபெறுகின்றன. இரை குளிர்நீரிலும் வேட்டை மீன் வெதுநீரிலும் வாழ விரும்பும்போது இரண்டும் சந்திக்கும் எல்லையாக வெப்பச்சரிவின் மேல்விளிம்பு அமைகிறது. மஸ்கி அந்த விளிம்புக்குச் சற்று மேலே மிதந்திருந்து, தேவைப்படும்போது குளிரில் இறங்கிச் சிஸ்கோவைக் கவ்விக்கொண்டு தன் வெப்பநிலைக்குத் திரும்புகிறது. அந்தி நேரத்தில் இரையே அதன் எல்லைக்குள் ஏறி வருகிறது. கரையோரச் சிறுமீன்கள் பலவற்றைத் துரத்துவதைவிடக் கொழுத்த ஒரு சிஸ்கோவை விழுங்குவது செலவழிக்கும் ஆற்றலுக்குக் கூடுதல் வரவைத் தருகிறது என்பதே, ஆழ்நீர் மஸ்கியின் பருமனுக்குப் பொருத்தமான விளக்கம்.

பருமனுக்கு வயதும் வேண்டும். மஸ்கி 30 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. மிகப் பெரிய மீன்கள் ஏறக்குறைய எப்போதும் பெண் மீன்களே. வயதைக் கணிக்க உதவுவது செவுளுக்குப் பின்னால் தோள்பட்டைபோல் வளைந்திருக்கும் தட்டையான கிளைத்ரம் என்ற எலும்பு. குளிர்காலத்தில் வளர்ச்சி தணிவதால் அதில் மரத்தின் ஆண்டு வளையங்களை ஒத்த கோடுகள் பதிகின்றன. டொராண்டோவின் ராயல் ஒண்டாரியோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மீனியலாளர் எட்வின் கிராஸ்மன், மீன்பிடிப்போரிடமிருந்தும் மீனைப் பாடம் செய்வோரிடமிருந்தும் இவ்வெலும்புகளைத் திரட்டி, எந்தெந்த நீர்நிலையில் மஸ்கி எவ்வளவு காலம் வாழ்ந்து எவ்வளவு நீளம் எட்டுகிறது என்பதை வெளிக்கொணர்ந்தார். ஒண்டாரியோவில் ஓர் ஏரிக்கும் மற்றோர் ஏரிக்கும் வெவ்வேறு குறைந்தபட்ச நீள வரம்புகள் விதிக்கப்படுவதற்கு இவ்வகை ஆய்வுகளே அடிப்படையாயின. சுவர் அலங்காரத்துக்காகக் கொல்லப்பட்ட மீன்களின் எலும்புகளைக் கொண்டே உயிருள்ள மீன்களுக்குப் பாதுகாப்புத் தேடிய அவருடைய பணி, மீனியல் வரலாற்றில் இன்னும் விரிவாகப் பேசப்பட வேண்டிய ஒன்று.

திறந்த நீரில் மஸ்கி இரையை எவ்வாறு கண்டறிகிறது என்பதை சிகாகோவின் லொயோலா பல்கலைக்கழகத்தில் ஜான் நியூவும் உடனுழைத்தோரும் ஆய்வுக்கூடத்தில் சோதித்து 2001-இல் வெளியிட்டனர். மீனின் இரு பக்கங்களிலும் தலையிலும் தாடையிலும் ஓடும், நீரசைவை உணரும் உறுப்புத் தொகுதியைப் பக்கக்கோடு என்பர். முன்னர்க் கூறிய தாடைத் துளைகள் இதன் பகுதியே. பார்வை மறைக்கப்பட்ட மஸ்கிகள் இரையைப் பின்தொடரவில்லை; ஆனால் இரை மிக அருகில் வந்தபோது பாய்ந்து கவ்வின. தொலைவிலிருந்து இரையைக் கண்டு மெல்ல நெருங்குவதற்குக் கண்ணும், கடைசி நேரத் தாக்குதலைத் துல்லியமாக்குவதற்குப் பக்கக்கோடும் துணைநிற்கின்றன என்று இதிலிருந்து அறியலாம். தெளிந்த நீரில் முதற்கட்டம் வெகுவாக நீள்கிறது: பழுப்பு நீரில் ஓரிரு மீட்டரில் இரையைக் காணும் மஸ்கி, இங்கே பல மீட்டர் தொலைவிலிருந்தே கண்டு, பின்தொடர்ந்து, ஆராய்ந்து, விலகிப் போகவும் நேரம் பெறுகிறது. பத்தாயிரம் வீச்சுகளின் மீன் என்று மீன்பிடிப்போர் மஸ்கிக்கு இட்ட பெயர் தெளிநீரில் கூடுதலாகப் பொருந்துவதற்கு இதுவே காரணம்.

ஆகவே தெளிநீரில் தூண்டிலிடுவோர், ஆராய்வதற்கு மீனுக்கு நேரம் கொடாதிருக்க முயல்கின்றனர். வெளிச்சம் குறைந்த விடியல், அந்தி, நள்ளிரவு, காற்றால் மேற்பரப்பு கலைந்திருக்கும் நாள் ஆகியவை அவர்கள் நாடும் வேளைகள். போலி இரையை விரைவாக இழுப்பது மற்றொரு வழி. மஸ்கியின் பற்கள் சாதாரணத் தூண்டில் நரம்பை அறுத்துவிடும் என்பதால் முன்பெல்லாம் தூண்டில் நுனியில் எஃகுக் கம்பி கட்டாயமாக இருந்தது. இப்போது பலர் தடித்த ஃப்ளூரோகார்பன் நரம்பைக் கட்டுகின்றனர். ஒளி ஒரு பொருளுக்குள் புகும்போது எவ்வளவு வளைகிறது என்பதைக் குறிக்கும் ஒளிவிலகல் எண், நீருக்கு 1.33 ஆகவும் ஃப்ளூரோகார்பனுக்கு ஏறத்தாழ 1.42 ஆகவும் நைலானுக்கு அதைவிடக் கூடுதலாகவும் இருக்கிறது. நீருக்கு நெருங்கிய எண்ணுடைய பொருள் நீருக்குள் மங்கலாகத் தெரியும்.

கரையோரத்தில் கைவீச்சு முதன்மையாக இருக்க, ஆழ்நீரில் ட்ரோலிங் எனப்படும் இழுவை முறை அதன் இடத்தைப் பிடிக்கிறது: படகை மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபடி, 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள போலி மீன்களைப் பின்னால் இழுத்துச் செல்வதே அது. போலி மீனின் மோவாயில் பொருத்திய சாய்ந்த தகடு நீரைத் தள்ளி அதைக் கீழே இறக்குகிறது. எவ்வளவு நரம்பு விடப்பட்டது, நரம்பு எவ்வளவு தடிமன், படகின் வேகம் என்ன என்பவற்றைப் பொறுத்து அது செல்லும் ஆழம் மாறுகிறது. மெல்லிய நரம்புக்கு நீரின் எதிர்ப்புக் குறைவு. ஆகவே அதே போலி மீன் மேலும் ஆழம் இறங்கும். மஸ்கியின் கண்கள் தலையின் மேற்பகுதியில் அமைந்து, மேலே ஒளிப் பின்னணியில் நகரும் நிழலைக் கவனிக்கத் தோதானவையாக இருப்பதால், மீன் நிற்கும் ஆழத்துக்குக் கீழே ஓடும் இரை வீணாகும்; அதற்குச் சற்று மேலே ஓட்டுவதே தேர்ந்தவர்களின் வழக்கம்.

ஆழத்தை அறிய உதவுவது சோனார். படகின் அடியிலிருந்து அனுப்பப்படும் ஒலி நன்னீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் வேகத்தில் சென்று, எதிரொலியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு கருவி தொலைவைக் கணக்கிடுகிறது. மீனின் தசை நீரையொத்த அடர்த்தி கொண்டதால் ஒலியைச் சிறிதளவே திருப்புகிறது. உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையே வலுவான எதிரொலியைத் தருகிறது. திரையில் சிஸ்கோக் கூட்டம் புள்ளிகள் திரண்ட மேகமாகத் தெரியும். அதன் ஓரத்திலோ சற்று மேலோ தனித்து நிற்கும் தடித்த வளைகோடு மஸ்கியாக இருக்க வாய்ப்புண்டு. கூர்ந்து பார்த்தால் வெப்பச்சரிவு அடுக்கே மெல்லிய பட்டையாகத் தெரிவதும் உண்டு. ஏரியின் நடுவே தேடுவோர் முதலில் தேடுவது மஸ்கியை அன்று, சிஸ்கோவைத்தான்.

படகருகே வரை போலி இரையைத் தொடர்ந்து வந்துவிட்டுத் திரும்புவது மஸ்கியின் இயல்பு என்பதால், வீசி இழுப்போர் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் தூண்டில் கோலின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, இரையை எட்டு என்ற எண்ணின் வடிவில் அகலமாகச் சுழற்றுகின்றனர். திருப்பத்தில் இரை தப்பி ஓடுவதுபோல் திசை மாறும்போது, அதுவரை தயங்கிய மீன் பாய்ந்துவிடுவது உண்டு. பழுப்பு நீரில் பின்தொடரும் மீன் மேற்பரப்பை ஒட்டியே வருவதால் கண்ணில் படும். ஆழ்நீரிலோ அது இரைக்குப் பல மீட்டர் கீழே, கண்ணுக்கு எட்டாமல் வரக்கூடும். ஆகையால் ஏதும் தெரியாதபோதும் அந்தச் சுழற்சியை விடாமல் செய்ய வேண்டியிருக்கிறது.

நிலவின் தாக்கம் பற்றிய நம்பிக்கை மஸ்கி பிடிப்போரிடையே நெடுங்காலமாக இருந்துவருவது. 1966-இல் மினசோட்டாவில் தொடங்கப்பட்ட மஸ்கீஸ் இன்க் என்ற அமைப்பின் உறுப்பினர்கள் திரட்டிய பதிவுகளிலிருந்து, 3,41,959 மீன்களின் தரவுகளை வின்சன், ஆங்க்ராடி என்ற இரு ஆய்வாளர்கள் பகுத்தாய்ந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டனர்: முழுநிலவையும் அமாவாசையையும் ஒட்டிய நாள்களில் பிடிப்பு உண்மையிலேயே கூடுகிறது, ஆயினும் அந்தக் கூடுதல் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே. பருவத்தின் தாக்கம் இதனினும் பெரிது. இலையுதிர் காலத்தில் மேலடுக்கு குளிர்ந்து கனத்து இறங்க, ஏரி மேலும் கீழும் கலந்து ஒரே வெப்பநிலையை அடைகிறது. எல்லை கலைந்ததும் சிஸ்கோ எங்கும் உலவத் தொடங்கி, இறுதியில் முட்டையிடுவதற்காகப் பாறைகள் நிறைந்த மேடுகளை நாடுகிறது. மஸ்கியும் தொடர்கிறது. 1988-இல் ஜார்ஜியன் விரிகுடாவில் பிடிபட்ட 65 பவுண்டு மீனும், 2012-இல் பெலேர் ஏரியில் பிடிபட்டு மிச்சிகன் மாநிலச் சாதனையான 58 பவுண்டு மீனும் அக்டோபர் மாதத்தில் சிக்கியவை.

இன்று மஸ்கி பிடிப்போருள் பெரும்பாலோர் பிடித்த மீனை உயிருடன் திரும்ப விடுகின்றனர். ஆழ்நீரில் இதற்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இருமடங்கு என்பதால், அங்கிருந்து விரைவாக மேலே கொண்டுவரப்படும் மீனின் காற்றுப்பையிலுள்ள வாயு இருமடங்காக விரியக்கூடும். மஸ்கியின் காற்றுப்பை ஒரு நாளத்தால் உணவுக்குழாயோடு இணைந்திருப்பதால் வாயுவை வாய்வழியே வெளியேற்ற அதனால் முடியும். ஆயினும் போராடிக் களைத்த மீனுக்கு அது எப்போதும் உரிய நேரத்தில் கைகூடுவதில்லை. கோடையில் மற்றொரு சுமையும் சேர்கிறது: குளிர்ந்த விளிம்பில் இருந்த மீன், தசைகளில் லாக்டிக் அமிலம் தேங்கி, ஆக்சிஜன் மிகுதியாகத் தேவைப்படும் அதே கணத்தில், ஆக்சிஜன் குறைவாகக் கரையும் வெப்பமான மேலடுக்குக்குள் இழுக்கப்படுகிறது. மேற்பரப்பு ஏறத்தாழ 27 பாகையை எட்டும் நாள்களில் மஸ்கிக்குத் தூண்டிலிடாமல் இருக்குமாறு மீன்வளத் துறைகளும் மீன்பிடி அமைப்புகளும் வலியுறுத்துவது இதனால்தான். ஆழமான கைவலைக்குள் மீனை நீரிலேயே நிறுத்தி, நீண்ட குறட்டால் முள்ளைக் கழற்றி, கழற்ற முடியாத முள்ளை வெட்டுக்கத்தரியால் துண்டித்து விடுவதே முறையான கையாளல். மீனின் அசைவை நேரலையாகக் காட்டும் புதிய சோனார் கருவிகள், திறந்த நீரில் இதுவரை எவர் கண்ணிலும் படாமல் இருந்த பெரிய பெண் மீன்களைத் தேடிப்பிடிப்பதை எளிதாக்கியிருக்கின்றன. ஒரே மீன் மீண்டும் மீண்டும் ஆழத்திலிருந்து இழுக்கப்படும் நிலை வந்தால், விட்டுவிடுவது மட்டும் அதைக் காக்கப் போதாது.

தெளிவு எல்லாம் ஒரே வகையானதும் அன்று. 1980-களின் இறுதியில் கப்பல்களின் நிலைப்பு நீரோடு பேரேரிகளை வந்தடைந்த வரிக்குதிரைச் சிப்பி, நீரை வடிகட்டித் தின்று பல ஏரிகளை வியக்கத்தக்க அளவு தெளியவைத்தது. ஆனால் அந்தத் தெளிவு, சிஸ்கோவின் உணவுச் சங்கிலிக்கு அடிப்படையான மிதவைப் பாசியை அகற்றிக் கிடைத்தது. மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரி 2005-க்குப் பிறகு இச்சிப்பியின் வருகையால் தெளிந்தாலும், ஆழம் 13 மீட்டரைத் தாண்டாததால் வெப்பமான கோடையில் சிஸ்கோ ஒதுங்குவதற்குக் குளிர்ந்த அடியடுக்கு அங்கே இல்லை.

கோடைகள் நீண்டு வெப்பம் கூடும்போது சிஸ்கோவின் இடம் இரு பக்கமும் நெருக்கப்படுகிறது: மேலிருந்து வெப்பம் இறங்குகிறது, கீழிருந்து ஆக்சிஜனற்ற நீர் ஏறுகிறது. மினசோட்டாவின் மீன்வள ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு, வருங்கால வெப்பத்திலும் சிஸ்கோ பிழைத்திருக்க வாய்ப்புள்ள ஆழமான, தெளிந்த ஏரிகளைப் புகலிட ஏரிகள் என இனங்கண்டுள்ளனர். வெப்பத்தை ஒரு மாநிலத்தால் தடுத்துவிட முடியாது. அடியடுக்கின் ஆக்சிஜனைக் காக்க முடியும். காடு வெட்டப்பட்டு விளைநிலமோ குடியிருப்போ ஆன நிலத்திலிருந்து பாஸ்பரஸ் ஏரிக்குள் வடிகிறது, பாசி பெருகுகிறது, மடிந்த பாசி அடியில் ஆக்சிஜனைத் தின்கிறது. ஆகவே அங்கே மேற்கொள்ளப்படும் பணி நீருக்கு வெளியே நடக்கிறது: புகலிட ஏரிகளின் நீர்பிடிப்புப் பரப்பில் நான்கில் மூன்று பங்கையாவது காடாக நிலைநிறுத்துவதை இலக்காகக் கொண்டு, தனியார் நில உரிமையாளர்களோடு ஒப்பந்தங்கள் செய்யப்பட்டுவருகின்றன.